இடமில்லை என்கிறது போன்

இடமில்லை என்கிறது போன்.
மணி பதினொன்றரை.
எதையாவது அழித்தால்தான்
நாளைக்கு ஆபீஸ் குரூப்பில் வருகிற எதுவும் திறக்கும்.

இன்றைக்கு மட்டும் இருநூற்றுப் பதினாலு படங்கள்.

காலையில் ஜெய்ஹிந்த்புரத்திலிருந்து
ஒரே வண்டியில் நாலு பேர்.
முன்னால் நின்றபடி அங்கை.
நடுவில் நன்மாறன், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு.
பைபாஸில் போலீஸ் நிற்பார்கள் என்று
சோலைராஜ் முத்துப்பட்டிச் சந்துக்குள் விட்டு
வழி தப்பி, வழி கேட்டு, மறுபடி தப்பி,
கீழக்குயில்குடியில் இறங்கும்போது
வெயில் எங்களுக்கு முந்தியே வந்து
பாறையில் இடம் பிடித்திருந்தது.

தாமரைக் குளத்தை மறித்துக்கொண்டு
ஒரு கல்யாண ஜோடி.
தலைக்கு மேலே குளவி மாதிரி ட்ரோன்.
"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா" என்றான் கேமராப் பையன்.
தள்ளினோம்.
ஆலமரத்தடியில் இன்னொரு ஜோடி.
அங்கிட்டிருந்தும் தள்ளினோம்.
ஐயனார் கோயில் குதிரைக்குக் கீழே
ஒருவழியாக ஒரு சதுர அடி கிடைத்தது.

"பல்லைக் காட்டுடா."
முன்பல் ரெண்டும் விழுந்து பத்து நாள்.
நன்மாறன் உதட்டை இறுக்கிக்கொண்டு
பூட்டிய கடை மாதிரி நிற்கிறான்.
முதல் படத்திலிருந்து நாற்பத்தொன்று வரை
அதே பூட்டு.
குதிரையோடு பூட்டு, குளத்தோடு பூட்டு.
மாங்காய்க் கீற்றின் மிளகாய்ப்பொடி எரிந்தபோது
கண்ணில் தண்ணீர், உதட்டில் பூட்டு.

படியேற மூச்சு வாங்கியது எனக்கு.
போனை அங்கை கையில் கொடுத்தேன்,
அழாமலாவது வருவாள் என்று.

அதற்கப்புறம் உள்ளதெல்லாம் அவளுடையது.

நாலு வயசின் உயரத்தில் வேறொரு மலை இருக்கிறது.
என் செருப்பு வார்.
என் செருப்பு வார்.
பாறையில் வெட்டிய படிக்குழியில்
முறுக்குத் துண்டை இழுத்துப் போகும் எறும்புகள்,
பதினேழு படம்.
கடைசியில் எறும்புமில்லை, முறுக்குமில்லை, குழி மட்டும்.
யாரோ ஒருவருடைய வேட்டிக் கரை.
வானத்தை மறைத்து அப்பாவின் தொப்பை.
எல்லோரும் முகத்தை எடுத்துக்கொண்டு போகிற தீர்த்தங்கரரிடம்
இவள் முழங்காலை மட்டும் எடுத்திருக்கிறாள்.

ஒன்றில் நானும் சோலைராஜும்.
கழுத்துக்கு மேலே இல்லை.
தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டு வந்தது யார்
என்று சண்டை நடந்த நேரம்.
தூக்கின் கைப்பிடியில் அவர் கை,
அதன் மேல் என் கை.
விடமாட்டேன் என்று பிடுங்கியது அது.
பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி தெரியும்.
தெரிந்துவிட்டுப் போகட்டும்.

நூற்று எண்பத்தெட்டாவது படம் சாய்ந்திருக்கிறது.
பாதிக்கு மேல் அங்கையின் கட்டைவிரல்,
கலங்கலாய், ரோஜா நிறத்தில், மலையைவிடப் பெரிதாய்.
மிச்சமிருக்கும் ஓரத்தில் நன்மாறன்
வாயை முழுசாகத் திறந்து சிரிக்கிறான்.
ஓட்டை தெரிகிறது, உள்நாக்கு தெரிகிறது,
ஈறில் வெள்ளையாய் ஒரு புள்ளி
அரிசி முனை அளவுக்கு,
இதுவரைக்கும் எங்களுக்கே காட்டாதது.
எதற்குச் சிரித்தான் என்பது படத்தில் இல்லை.
கொடியில் காய்கிற என் துப்பட்டாவில் இருக்கிறது,
ஆடு மென்ற ஒரு முழம்.

அழிக்க ஆரம்பித்தேன்.
கேஸ் ரசீது. தவணை கட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகள்.
பெரியப்பா அனுப்பிய காலை வணக்க ரோஜாக்கள் முந்நூறு.
பூட்டுகளில் நாற்பது.
ஒரு பூட்டை வைத்துக்கொண்டேன்,
மீசை முளைத்த பிறகு அவனிடம் காட்ட.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறது போன்.
செருப்பு வாருக்கு வந்தேன்.
ரெண்டும் ஒன்றுதானே, ஒன்று போதாதா?
விரலை வைத்துவிட்டு
ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒன்றில்லை.
ரெண்டாவதில்
நான் ஒரு படி மேலே போய்விட்டிருக்கிறேன்.